சொன்னால் எதற்குக் கட்டுப்பட்டவன்

பாம்பனில் யாரைத் தொலைபேசியில் அழைத்து எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டாலும், "இந்தா, பக்கத்துல வந்துட்டேன்" என்றே பதில் வரும். பேசுகிறவர் அப்போதுதான் குளிப்பதற்குத் துண்டைத் தேடிக்கொண்டிருப்பார். இதைப் பொய் என்று அங்கே எவரும் கருதுவதில்லை; அது ஒருவகை மரியாதை. அந்த மரியாதை சற்றும் தெரியாத ஒருவரை அந்த ஊரில் நான் அறிந்திருந்தேன். மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் கொடுக்கும் கம்பெனி நடத்துபவர். "வீட்லதான் இருக்கேன். சாப்பிட்டுத்தான் கெளம்புவேன். முக்கா மணி நேரமாகும்" என்பார். எதிர்முனையில் இருப்பவருக்கு எரிச்சல் மூளும். சொன்னபடியே முக்கால் மணியில் அவர் வந்து நிற்கும்போது அந்த எரிச்சல் கூடுமே தவிரக் குறையாது.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. நான் பாம்பனை விட்டு இராமநாதபுரத்துக்குக் குடிவந்து சில ஆண்டுகள் ஆகின்றன. அவர் அங்கேயே தொழில் செய்துவருகிறார். ஒருவரைப் பற்றி அவர் அனுமதியின்றி எழுத நேரும்போது, பெயரையாவது அவரிடமே விட்டுவைப்பது நாகரிகம்.

கேள்வி கேட்டால் உடனே வாய் திறக்க மாட்டார். கீழுதட்டை உள்ளே இழுத்துக் கடித்துக்கொண்டு, கேட்டவரின் தோளுக்கு அப்பால் எங்கோ பார்ப்பார். அந்த இடைவெளியில் கேட்டவர் சங்கடப்பட்டு இன்னொரு முறை கேட்பார். அதற்கும் அசைய மாட்டார். ஒருநாள் காலை நடையின்போது அவருடைய கம்பெனி வாசலில் நானே கண்ட காட்சி இது. பல நாள் வீசிய கச்சான் காற்று ஓய்ந்து, விசைப்படகுகள் எல்லாம் ஒரே நாளில் கடலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தன. படகு உரிமையாளர் ஒருவர் பதற்றத்துடன் வந்து நின்றார்.

"பத்து மணிக்குள்ள ஐஸ் கெடச்சுருமாண்ணே?"

இவர் உதட்டைக் கடித்தார். பிறகு, "கெடைக்காது. கேன்ல நடுவுல இன்னும் ஒறையாமத் தண்ணியாத்தான் நிக்கிது" என்றார்.

"கெடச்சுரும்னு சொல்லுங்கண்ணே. மத்தத கடல் பாத்துக்கிரும்."

"அப்பக் கடல்கிட்டப் போயிக் கேளு."

படகுக்காரர் வேறொரு கம்பெனிக்குப் போனார். அங்கே "கெடச்சுரும், வாங்க" என்றார்கள். நண்பகல் தாண்டித்தான் கொடுத்தார்கள். அடுத்த முறையும் அவர் அங்கேதான் போனார். நல்ல வார்த்தை சொன்னவரிடமே மனிதர்கள் திரும்பிப் போகிறார்கள். நான் அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை.

இத்தகைய மனிதர், மீன்பிடித் தடைக்காலத்தில் கம்பெனி ஓய்ந்திருந்த ஒரு மாலையில், என் வீட்டுப் படியேறி வந்து, "சார், எனக்கு இங்கிலீசு வேணும். ஆவணி வரைக்குந்தான் நேரம்" என்றார்.

நான் மதுரையில் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்றவன். பணி ஓய்வு பெறும்வரை மேல்நிலைப் பள்ளியில் அதையே கற்பித்தவன். வீட்டில் தனிவகுப்பு எடுப்பதில்லை என்பதை ஒரு நெறியாகவே வைத்திருந்தேன். அதை அவருக்கும் தெரிவித்தேன். அவர் எழுந்து போகவில்லை. தம் நிலையைச் சொன்னார்.

அவருடைய ஒரே தங்கை இங்கிலாந்தில் கணவருடன் இருந்தபோது நோயுற்று இறந்துபோனவள். அவள் விட்டுச்சென்ற மகளுக்கு இப்போது ஒன்பது வயது. தகப்பனோடு அங்கேயே வளர்கிறாள். ஆங்கிலம் தவிர வேறு பேச்சு வராது. வாரம் ஒருமுறை தொலைபேசித் திரையில் இவர் முகம் தோன்றும். "ஹாய், சாப்டியா?" என்பார். அவள் "ஓகே" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவாள். தாய் இறந்ததால் தள்ளிப்போன காதுகுத்து, வரும் ஆவணியில் ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய்க்கரையில் இருக்கும் கருப்பர் கோயிலில் நடக்கப்போகிறது. தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான் பிள்ளை காது குத்திக்கொள்ள வேண்டும். ஆனால் தகப்பன் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: பிள்ளை தன் வாயால் சரி என்று சொன்னால்தான் குத்தலாம், பிடித்து அமுக்கிக் குத்த விடமாட்டேன்.

"அவள் உங்கள் மடியில் உட்காரவில்லை என்றால்?" என்று கேட்டேன்.

"எம் பெரியப்பா மகன் மடியில வச்சுருவாக. மாப்ளையோட அக்கா இப்பவே சொல்லிட்டாக. தங்கச்சியும் இல்ல. இந்த மடியும் இல்லன்னா, அந்த வீட்ல நான் யாரு சார்?"

அவர் கேட்டது இரக்கத்துக்காக அன்று. விடை இருந்தால் சொல்லுங்கள் என்ற தோரணையில் கேட்டார். மறுநாளிலிருந்து வரச் சொன்னேன்.

இலக்கணத்தில் தொடங்குவதே முறை என்பது என் கொள்கை. அவருக்கு அதில் நாட்டமில்லை. அந்த ஊர்ப் பிள்ளையிடம் அந்த ஊர்ப் பெரியவர்கள் பேசுகிற அன்றாடப் பேச்சுத்தான் வேண்டும் என்றார். எனவே வழக்குத் தொடர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தேன். ஒவ்வொரு தொடருக்கும் அவர் கேட்ட கேள்வி ஒன்றே.

"இதச் சொன்னா நான் எதுக்குக் கட்டுப்பட்டவன் சார்?"

முதலில் எனக்கு இந்தக் கேள்வி விளங்கவில்லை. 'பீஸ் ஆஃப் கேக்' என்றால் மிகச் சுலபம் என்று பொருள். ஒரு காரியத்துக்கு அஞ்சும் பிள்ளையைத் தேற்ற உதவும் என்றேன். உதட்டைக் கடித்தார். "எனக்குச் சொலபந்தான். அவளுக்குச் சொலபமான்னு எனக்கெப்பிடித் தெரியும்? வேணாம் சார்." அந்தத் தொடர் தள்ளுபடி ஆயிற்று. 'டோன்ட் வொரி'யும் தள்ளுபடி. "கவலப்படாதேன்னு சொல்லணும்னா, கவலப்பட ஒண்ணுமில்லன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும்ல?" 'டேக் யுவர் டைம்' என்பதை ஏற்றார்; அவசரமில்லை, மெதுவாகச் செய் என்பது அதன் பொருள். "காத்துக்கிட்டு இருக்கணும், அம்புட்டுத்தானே? இருந்துருவேன்." 'ஃபேர் இனஃப்' என்பதும் பிடித்தது. நீ சொல்வது நியாயம், ஒப்புக்கொள்கிறேன் என்று எதிராளியின் பேச்சை மதித்து முடிப்பது. 'இட்ஸ் அப் டு யூ', முடிவு உன் கையில், என்பதை மட்டும் இரண்டு நாள் யோசித்து ஏற்றார்.

'ஐ மிஸ் யூ' என்பதற்கு நம் பக்கத்தில் சொல்வதைத்தான் பொருளாகச் சொன்னேன்: "ஒன்னத் தேடுது." அதற்கு மட்டும் அவர் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

'எனி டைம்' என்ற தொடர் அவரைப் பாடாய்ப் படுத்தியது. ஆங்கிலேயர்கள் நன்றிக்கு மறுமொழியாக அதைச் சாதாரணமாகச் சொல்வார்கள். எப்போது வேண்டுமானாலும் கேள் என்ற உபசாரம், அவ்வளவே என்று விளக்கினேன். "எப்ப வேணும்னாலும்னா, எப்ப வேணும்னாலும்தானே?" என்றார். ஒரு வாரம் கழித்து வந்து, "சொல்லிட்டேன் சார். எப்ப வேணா கூப்புடுன்னு சொல்லிட்டேன்" என்றார். கடன் பத்திரத்தில் கையெழுத்திட்டவரின் முகம் அவருக்கு.

அதன் விளைவை நானே பார்க்க நேர்ந்தது. தடைக்காலம் முடியும் தறுவாயில் படகுக்காரர்களுக்கும் ஐஸ் கம்பெனிக்காரர்களுக்கும் இடையே விலைத் தகராறு முற்றி, இரு தரப்பும் ஒரு மண்டபத்தில் கூடின. நடுநிலையாளராக என்னை அழைத்திருந்தார்கள். கம்பெனிக்காரர்கள் சார்பில் இவர் பேச எழுந்தார். அந்த நேரத்தில் அவருடைய சட்டைப்பையில் தொலைபேசி ஒலித்தது. எடுத்துப் பார்த்தார். "பிள்ள கூப்புடுது" என்று சொல்லிவிட்டு, நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, வெளியே நடந்தார்.

"ஏலே, அவரு பேச்ச முடிக்காமப் போறாருய்யா" என்றார் ஒருவர்.

"நம்மள மதிக்கலைய்யா. பிள்ளையாம் பிள்ள."

நாற்காலிகள் நகர்ந்தன. நான் எழுந்து கையமர்த்தியிராவிட்டால் கைகலப்பாகியிருக்கும். அவர் திரும்பி வந்தபோது கூட்டம் கலைந்திருந்தது. தம் தரப்பாரின் வசவுகளை முழுவதும் வாங்கிக்கொண்டார். என்ன அவசரமாக அழைத்தாள் என்று கேட்டேன். "அவ வளக்கிற முயல் ஒண்ணு. குட்டி போட்ருக்காம். காட்டுனா" என்றார். என் வகுப்பின் பயன் இது என்று ஊரில் பேசிக்கொள்வார்களே என்ற எண்ணம் எனக்கு இருந்தது.

கடைசி வாரத்தில் எங்களுக்குள் கடுமையான வாக்குவாதம் மூண்டது. ஊசி போடுமுன் அந்நாட்டு மருத்துவர் முதல் தாய்மார் வரை எல்லோரும் பிள்ளைகளிடம் சொல்லும் தொடர் ஒன்று உண்டு: 'இட் வோன்ட் ஹர்ட் எ பிட்.' கொஞ்சம்கூட வலிக்காது. காதுகுத்துக்கு இதைவிடப் பொருத்தமான தொடர் வேறில்லை. இதை மனனம் செய்யுங்கள் என்றேன்.

"வலிக்குமே சார்."

"நாம் எறும்பு கடித்த மாதிரி இருக்கும் என்று சொல்வதில்லையா? அதைப் போல. இது பொய் ஆகாது. உபசாரம்."

"அவளுக்கு உபசாரம்னு தெரியுமா?"

"தெரிய வேண்டியதில்லை. காரியம் நடக்க வேண்டும். அதற்காகத்தானே என்னிடம் வந்தீர்கள்?"

அவர் என் தோளுக்கு அப்பால் வெகுநேரம் பார்த்தார். "அந்தப் பிள்ளைக்கிட்ட எனக்குன்னு இருக்கதே இதுவரைக்குஞ் சொன்ன நாலு வார்த்ததான். அதுல ஒண்ணு பொய்யாப் போச்சுன்னா மத்த மூணும் போச்சு சார்." வைத்த காப்பியைக் குடிக்காமல் இறங்கிப் போனார். அந்த விஷயத்தில் நான் இன்றுவரை என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. குழந்தைகளைத் தேற்றுவதற்கென்றே எல்லா மொழிகளும் சில சொற்களை ஒதுக்கி வைத்திருக்கின்றன.

காதுகுத்து அழைப்பிதழில் என் பெயரைப் பட்டத்துடன் அச்சிட்டிருந்தார்கள். போகாமலிருக்க முடியவில்லை. கண்மாயில் தண்ணீர் அடிமட்டத்தில் கிடந்தது. கோயில் முன் கொட்டகை போட்டு, ஒருபுறம் கிடா விருந்துக்கு அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. முன்வரிசையில் எனக்கு நாற்காலி போட்டு, "பிள்ளகிட்டப் பேசுறதுக்கு இவருதான் மாமாகாரருக்கு இங்கிலீசு சொல்லிக் குடுத்தாரு" என்று வந்தவர்களிடமெல்லாம் அறிமுகம் வேறு. அன்றைய காரியம் முடியும் விதத்தில் என் மதிப்பும் சேர்ந்துவிட்டதை உணர்ந்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

தாய்மாமன் சீர்த் தட்டுகள் மேளத்துடன் வந்து இறங்கின. மாலை போட்டு அவரை மனைப்பலகையில் உட்கார வைத்தார்கள். பட்டுப்பாவாடை கட்டிய பிள்ளை, தகப்பன் கையை விட்டு, அவர் மடியில் வந்து உட்கார்ந்தாள். ஆசாரி அவள் காதுமடலில் சந்தனத்தால் பொட்டு வைத்தார். ஊசியை எடுத்தார். பிள்ளை அதைப் பார்த்தாள். திரும்பி மாமனைப் பார்த்துக் கேட்டாள்.

"வில் இட் ஹர்ட்?"

வலிக்குமா என்ற கேள்வி அந்தக் கொட்டகையில் மொழி தெரியாதவர்களுக்கும் புரிந்தது. மேளம் நின்றது. "வலிக்காதுன்னு சொல்லுங்க" என்றாள் பிள்ளையின் அத்தை, அதாவது தகப்பனுடைய அக்கா. பின்வரிசையிலிருந்தும் அதே குரல்கள் எழுந்தன. அவர் என்னைப் பார்த்தார். மறந்துவிட்டாரோ என்று எண்ணி, எல்லோருக்கும் கேட்கும்படியே எடுத்துக் கொடுத்தேன்: "இட் வோன்ட் ஹர்ட் எ பிட்."

அவர் கீழுதட்டை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"யெஸ்" என்றார் பிள்ளையிடம். "இட் வில் ஹர்ட். எ பிட்." வலிக்கும், கொஞ்சம். பிறகு, "இட்ஸ் அப் டு யூ."

பிள்ளை ஊசியை மறுபடி பார்த்தாள். மடியிலிருந்து இறங்கினாள். தகப்பன் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

"ஃபேர் இனஃப்" என்றார் அவர்.

"என்ன சொன்னாரு?" என்று பலர் என்னைக் கேட்டார்கள். வலிக்கும் என்று சொல்லிவிட்டார் என்பதை நானே தமிழில் எடுத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. அத்தைக்குக் குரல் உயர்ந்தது.

"சபையில மனையில ஒக்காந்த பிள்ளய எறக்கி விட்டுட்டீகளே. வலிக்காதுன்னு ஒரு வார்த்த சொன்னா வாயி வெந்துருமா? ஒங்க தங்கச்சி ஆஸ்பத்திரியில கெடக்கையில வாரேன்னு போன்ல சொன்னீகள்ல. வந்தீகளா? பெறகென்ன, இன்னைக்குப் பெரிய சத்தியவான்."

அவர் மனையிலேயே உட்கார்ந்திருந்தார்.

"வரல" என்றார். "பாஸ்போர்ட்டு இல்ல. எடுக்கிறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. வாரேன்னு சொல்லியிருக்கக் கூடாது."

அந்த நிகழ்ச்சிதான் அவரை இப்படி ஆக்கியது என்று பின்னாளில் சிலர் என்னிடம் கூறினார்கள். அது சரியன்று. தங்கை இறப்பதற்கு முன்பிருந்தே அவரை நான் அறிவேன். அவர் எப்போதும் அப்படித்தான். அந்த ஒரு முறைதான் அவர் மற்றவர்களைப் போலப் பேசியிருந்தார்.

அத்தை காத்திருக்கவில்லை. தாய்மாமனுடைய பெரியப்பா மகனை அழைத்தாள். அவர் இராமேஸ்வரத்தில் லாட்ஜ் வைத்திருப்பவர். யாத்திரை வருகிறவர்களிடம் பேசிப் பேசி எல்லா மொழியிலும் நாலு வார்த்தை தெரிந்தவர். எந்தக் கூட்டத்தையும் சிரிக்க வைக்கக்கூடிய நல்ல மனிதர். "எந்திரிப்பா, நல்ல நேரம் போகுது" என்று அவர் மெதுவாகத்தான் சொன்னார். இவர் எழுந்தார். இவர் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார்கள். இவர் கொண்டுவந்த சீர்த் தட்டுகள் அவர் முன்னால் நகர்த்தி வைக்கப்பட்டன. இவர் கொட்டகைக் காலருகே போய் நின்றார். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார்.

லாட்ஜ்காரர் மனையில் உட்கார்ந்து இரு கைகளையும் விரித்தார். "கம், கம், பாப்பா. நோ பெயின். ஒன்லி ஆன்ட் பைட்." சட்டைப்பையிலிருந்து சாக்லேட் ஒன்றையும் எடுத்து நீட்டினார். கூட்டம் சிரித்தது, இறுக்கம் தளர்ந்தது. பிள்ளை தகப்பன் பின்னாலிருந்து வெளியே வந்தாள். மனையை நோக்கி நடந்தாள். மனையைக் கடந்து, கொட்டகைக் காலருகே போனாள்.

மாமனை அண்ணாந்து பார்த்து ஆங்கிலத்தில் கேட்டாள்: "அவர் சொல்வது உண்மையா?"

அவர் லாட்ஜ்காரரைப் பார்த்தார், பிறகு பிள்ளையைப் பார்த்தார். ஆமென்று தலையசைத்தால் காரியம் நடந்துவிடும். மடி வேறொருவருடையதாக இருக்கும். இல்லையென்றால், பெரியப்பா மகனைச் சபையில் பொய்யனாக்கியவர் என்ற பெயர் உயிருள்ளவரை நிற்கும். அதன்பிறகு பெரியப்பா வீட்டிலும் மாப்பிள்ளை வீட்டிலும் அவருக்கு இலை விழாது.

"நோ" என்றார்.

லாட்ஜ்காரரின் சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது. பிள்ளை மாமனின் சுட்டுவிரலைப் பிடித்து, மனைக்கு இழுத்து வந்தாள். மனையில் இருந்த லாட்ஜ்காரரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதுவரை பேசாதிருந்த தகப்பன் அப்போது லாட்ஜ்காரரிடம் பேசினார்.

"மாலையக் குடுங்க மச்சான்."

மாலை கைமாறியது. அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிள்ளை மடியில் ஏறி உட்கார்ந்து, கண்ணை இறுக மூடி, "ஓகே" என்றாள். ஆசாரி குத்தினார்.

அந்தப் பிள்ளை போட்ட சத்தத்தில் கண்மாய்க்குள் நின்ற கொக்குகள் எழுந்து பறந்தன. மாமனின் மாலையைப் பற்றியிருந்த அவள் கை அதைப் பிய்த்து எறிந்தது. காதுமடலில் இரத்தம் துளிர்த்தது. மேளக்காரர்கள் அழுகையை மறைக்க ஓங்கி அடித்தார்கள். அவர் கையை உயர்த்தி அதை நிறுத்தினார். பிள்ளை தேம்பிக்கொண்டே, கோபத்துடன், அவரை நேருக்கு நேர் பார்த்துச் சொன்னாள்.

"யூ செட் எ பிட்."

கொஞ்சம் என்றுதானே சொன்னாய். அதை நான் தமிழில் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. அவருடைய முகம் வெளுத்ததை அன்றுதான் முதலும் கடைசியுமாகப் பார்த்தேன்.

"ஐ வாஸ் ராங்" என்றார். தவறாகச் சொல்லிவிட்டேன் என்று பொருள்படும் அந்தத் தொடரை நான் அவருக்குக் கற்பித்திருக்கவில்லை.

பிள்ளை அவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆசாரி இரண்டாவது ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஒரு காது குத்தி மறு காது குத்தாமல் மனையிலிருந்து எழுந்த பிள்ளை அந்த வட்டாரத்தில் கிடையாது. அத்தை தன் வாயைத் தானே கையால் பொத்திக்கொண்டிருந்தாள்.

"அண்ட் தி அதர் ஒன்?" என்று கேட்டாள் பிள்ளை. அடுத்தது?

"த சேம்" என்றார். "நாட் எ பிட். மோர்." அதே அளவுதான், கொஞ்சம் இல்லை, அதிகம்.

பிள்ளை பட்டுப்பாவாடை நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவர் மடியிலேயே மறுபக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள். தானே முடியை ஒதுக்கி, அடுத்த காதை ஆசாரிக்குக் காட்டினாள்.